மூட்டையோடு போன பாதி வாக்கியங்கள்

எட்டு நாள் விடாமல் பெய்த மழை ஒன்பதாம் நாள், ஞாயிற்றுக்கிழமை காலையில் நின்றது. எல்லாரும் அப்பாடா என்று மூச்சு விட்டார்கள். சலவைக் கடையில் மட்டும் யாருக்கும் மூச்சு விட நேரமில்லை.

எட்டு நாள் ஈரத் துணியும் அன்றைக்கே காய்ந்தாக வேண்டும். நான்கு இஸ்திரிப் பெட்டிகளும் ஒரே நேரத்தில் ஓடின. கடைக்குள் ஆவி எவ்வளவு அடர்த்தி என்றால், ஹேங்கர் தீர்ந்துபோனபோது அம்மா ஒரு சட்டையை ஆவியிலேயே மாட்டிவிட்டார். சாயங்காலம் வரை அது விழவில்லை.

சலவைக் கடை வீட்டுப் பெண்ணுக்கு வயது பத்து. பள்ளிக்கூடத்தில் அவளைப் புள்ளி என்று கூப்பிடுவார்கள். ஆங்கிலத்தில் எதை எழுதினாலும், ஒரு எழுவாயும் ஒரு வினைச்சொல்லும் வந்த உடனே முற்றுப்புள்ளி வைத்துவிடுவாள். அவளுடைய கட்டுரை நோட்டைத் தூரத்திலிருந்து பார்த்தால் எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கும். ஆங்கில டீச்சர் ஒருமுறை ஊதியே பார்த்திருக்கிறார்.

டீச்சர் பொறுமையானவர். வாக்கியத்துக்குள் இரண்டு வகை உண்டு என்று பதினொரு தடவை சொல்லிக் கொடுத்தார். தலைமை வாக்கியம் தன் காலில் தானே நிற்கும். சார்பு வாக்கியம் நிற்காது, அதற்கு இன்னொன்று துணை வேண்டும். முன்னால் இஃப், பிகாஸ், வென், ஆல்தோ என்று ஏதாவது வந்துவிட்டால், ஆரம்பித்தவர் மீதியையும் சொல்லித்தான் தீர வேண்டும்.

புள்ளிக்கு இது பிடிபடவில்லை.

"அதுலயும் எழுவாய் இருக்கு, வினைச்சொல் இருக்கு. அப்புறம் அதுக்கு என்னதான் குறை, டீச்சர்?"

"பாதியில நிறுத்திப் பாரு. மீதி எங்கேன்னு மனசு கேக்கும்."

புள்ளி பாதியில் நிறுத்திப் பார்த்தாள். மனசு ஒன்றும் கேட்கவில்லை. பசிக்கிறது என்று மட்டும் சொன்னது.

டீச்சரிடம் ஒரு தகரப் பெட்டி உண்டு. அதில் அவர் கையால் எழுதிய இருபது சீட்டுகள். வெள்ளை அட்டையில் பத்து தலைமை வாக்கியங்கள், பழுப்பு அட்டையில் பத்து சார்பு வாக்கியங்கள். சரியாக ஜோடி சேர்த்தால் பத்து முழு வாக்கியங்கள் கிடைக்கும். அந்தப் பெட்டியை வீட்டுக்குக் கொடுக்கச் சொல்லிப் புள்ளி வெள்ளிக்கிழமை கேட்டாள். இதற்கு முன் யாரும் கேட்டதில்லை. அவள் கேட்டதைப் பார்த்து இன்னும் மூன்று பேர் பின்னாலேயே வரிசையில் நின்றுவிட்டார்கள்.

டீச்சர் பெட்டியைக் கொடுத்தார். ஆனால் உடனே கையை விடவில்லை.

"திங்கக்கிழமை முதல் பீரியட் பக்கத்து வகுப்புக்கு இதை வெச்சுத்தான் பரீட்சை. இருபதும் முழுசா வரணும். ஒண்ணு குறைஞ்சாலும் இந்தப் பெட்டி இனிமே யார் வீட்டுக்கும் போகாது. இவங்க மூணு பேர் வீட்டுக்கும் சேர்த்துத்தான் சொல்றேன்."

அந்த மூன்று பேரும் புள்ளியைப் பார்த்தார்கள். புள்ளி பெட்டியைப் பார்த்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பகலில், துணி மடிக்கும் மேசையில் ஒரு மூலை காலியாக இருந்தது. புள்ளி சீட்டுகளை அங்கே பரப்பினாள். மூன்று ஜோடி சேர்ந்தது. மீதி ஏழு சேருவதற்குள் அம்மா சாப்பிடக் கூப்பிட்டார். போய்விட்டு வந்து பார்த்தால், பழுப்புச் சீட்டு மூன்றுதான் இருந்தது.

இந்த இடத்தில் மாமாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அம்மாவின் தம்பி. வெளுத்த துணி மூட்டைகளை சைக்கிளில் வைத்து வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுப்பது அவர் வேலை. பதினைந்து வருஷத்தில் ஒரு கைக்குட்டைகூட வீடு மாறிப் போனதில்லை. எந்தத் துணி எந்த வீடு என்று காலரைப் பார்த்தே சொல்லிவிடுவார். அதனால் மூட்டையில் குத்தியிருக்கும் கணக்குச் சீட்டை அவர் படிப்பதே இல்லை. ஆனால் சீட்டு இல்லாத மூட்டையை வாசல் தாண்ட விடவும் மாட்டார். கடைக்கு ஒரு மரியாதை வேண்டாமா என்பார்.

அன்றைக்கு மூட்டைகள் அதிகம். ஏழு மூட்டை பாக்கி இருக்கும்போது சீட்டுக் கட்டு தீர்ந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை அச்சகம் திறக்காது. மாமா மேசையைப் பார்த்தார். கடைச் சீட்டு மாதிரியே பழுப்பு நிறம், அதே அளவு. ஏழை எடுத்து ஏழு மூட்டையிலும் ஊசியால் குத்திக்கொண்டு கிளம்பிவிட்டார்.

மூன்று மணிக்குக் காலி சைக்கிளோடு திரும்பி வந்தபோதுதான் விஷயம் தெரிந்தது.

"மாமா, அது டீச்சரோட சீட்டு. நாளைக்குத் திருப்பிக் கொடுக்கணும்."

"யாரும் ஒண்ணும் சொல்லலியே. இந்த வாரம் சீட்டு நல்லா இருக்குன்னு ஒருத்தர் சொன்னார்கூட."

"வெள்ளைச் சீட்டை மட்டும் ஏன் விட்டீங்க?"

"வெள்ளை நம்ம கடைச் சீட்டு இல்லியே," என்றார் மாமா. "எனக்கு அதுகூடத் தெரியாதா?"

அம்மா இஸ்திரிப் பெட்டியைக் கீழே வைக்காமலே தீர்ப்புச் சொன்னார். குத்தினவரே ஓட்டட்டும், தொலைத்தவளே கேட்டு வாங்கட்டும், இருட்டுவதற்குள் இரண்டு பேரும் வீட்டுக்கு வரட்டும். எந்தெந்தச் சீட்டு போயிருக்கிறது என்று பார்ப்பதற்காகப் புள்ளி வெள்ளைச் சீட்டுகளையும் மீதி இருந்த மூன்று பழுப்புச் சீட்டுகளையும் பையில் போட்டுக்கொண்டு சைக்கிளில் பின்னால் ஏறினாள்.

சீட்டுகளில் இருந்தது எல்லாம் ஆங்கிலம். உங்கள் வசதிக்காகத் தமிழில் சொல்கிறேன்.

முதலில் மருந்துக் கடை. கதவு சாத்தியிருந்தது. வெளியே பதினாறு பேர் வரிசையாக நின்றார்கள். மருந்துக் கடைக்காரர் உள்ளே வேர்க்க வேர்க்க நின்று, ஜன்னல் கம்பி வழியாக மாத்திரை கொடுத்துக்கொண்டிருந்தார். ஒருவர் பெரிய இருமல் மருந்துப் புட்டி கேட்டார். அது கம்பிக்குள் நுழையவில்லை. கடைக்காரர் அவரைக் கிட்ட வரச் சொல்லி, கம்பி வழியாகக் கரண்டியை நீட்டி ஊற்றிவிட்டார்.

கதவை ஏன் சாத்தினீர்கள் என்று மாமா கேட்டார். கடைக்காரர் பழுப்புச் சீட்டைத் தூக்கிக் காட்டினார். 'நீங்கள் கதவைத் திறந்தால்' என்று அதில் இருந்தது.

"திறந்தா என்ன ஆகும்னு போடலை. மூணு மணி நேரமா யோசிக்கிறேன். எதுக்கு வம்புன்னு திறக்கலை."

புள்ளி பையைத் துழாவி, ஒரு வெள்ளைச் சீட்டை ஜன்னலில் காட்டினாள். 'குளிர்ந்த காற்று உள்ளே வரும்' என்று இருந்தது. கடைக்காரர் இரண்டையும் சேர்த்துப் படித்துவிட்டுக் கதவைத் திறந்தார். காற்று வந்தது. பதினாறு பேரும் வந்தார்கள்.

"இதை மொதல்லயே அனுப்பக் கூடாதா?" என்று கேட்டுக்கொண்டே சீட்டைக் கொடுத்தார்.

அடுத்தது கடிகாரம் பழுது பார்ப்பவர். அவருக்குப் போனது 'மணி அடிக்கும்போது' என்ற சீட்டு. மணி அடிக்கும்போது என்னவோ நடக்கப்போகிறது என்று நினைத்து, ஒவ்வொரு மணிக்கும் எழுந்து நின்று சுற்றிலும் பார்த்திருக்கிறார். அவர் கடையில் நாற்பத்து மூன்று கடிகாரங்கள். எல்லாம் பழுதுக்கு வந்தவை, ஒன்று சொல்லும் நேரத்தை இன்னொன்று ஒப்புக்கொள்ளாது. ஆகவே மத்தியானத்திலிருந்து அவர் உட்காரவே இல்லை.

மீதியைப் புள்ளி படித்துக் காட்டினாள். 'குழந்தைகள் வீட்டுக்கு ஓடுவார்கள்.' அவர் சற்று யோசித்தார். எனக்கு அறுபத்திரண்டு வயசு, இது எனக்கு இல்லை என்றார். உட்கார்ந்தார். அந்த நாற்காலி விட்ட பெருமூச்சைப் புள்ளி தன் காதால் கேட்டாள்.

பல் டாக்டர் வீட்டில் டாக்டர் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். கழுவிய பாத்திரத்தையே நான்காவது முறையாகக் கழுவுகிறார் என்று அவர் மனைவி வாசலுக்கு வந்து ரகசியமாகச் சொன்னார். மூட்டையில் 'நான் சொன்னதை நீங்கள் கேட்காததால்' என்று சீட்டு வந்ததாம். அது மனைவி எழுதியதுதான் என்று டாக்டர் முடிவு செய்துவிட்டார். மீதியில் என்ன வருமோ என்ற பயத்தில், சொன்னது சொல்லாதது எல்லாவற்றையும் செய்துகொண்டிருக்கிறார்.

"அந்த மீதி உன்கிட்ட இருக்கா?" என்று கேட்டார் டாக்டர் மனைவி.

"இருக்குங்க."

"காட்டிடாதே."

பிறகு அவரே ஒரு தாளில் அந்தப் பாதி வாக்கியத்தைப் பெரிய எழுத்தில் எழுதி, சமையலறைச் சுவரில் ஒட்டிக்கொண்டார். டீச்சரின் சீட்டைத் துடைத்துத் திருப்பிக் கொடுத்தார்.

மற்ற மூன்று வீடுகளில் யாரும் சீட்டைப் படிக்கவே இல்லை. ஒருவர் அதை நான்காய் மடித்து, ஆடுகிற மேசைக் காலுக்கு அடியில் கொடுத்திருந்தார். மேசையைத் தூக்கி எடுத்தார்கள்.

ஏழாவது, தையற்காரர்.

தையற்கடைக்கும் பக்கத்துப் பொத்தான் கடைக்கும் நடுவில் ஒரே சுவர். தையற்காரர் அண்ணன், பொத்தான் கடைக்காரர் தம்பி. இரண்டு பேரும் பேசி மூன்று வருஷம் ஆகிறது. தம்பி ஒரு நாள் அண்ணனிடம் அளவு நாடாவை இரவல் வாங்கினார். திருப்பிக் கொடுத்தபோது அது இரண்டு அங்குலம் சுருங்கியிருந்தது என்பது அண்ணன் கட்சி. நாடா சுருங்கவில்லை, அண்ணன்தான் பருத்துவிட்டார் என்பது தம்பி கட்சி. அன்றிலிருந்து அண்ணன் பொத்தான் வாங்க இரண்டு பஸ் மாறிப் போகிறார். தம்பி ரெடிமேட் சட்டை போடுகிறார். அதன் கை நீளம், விரல் நுனியையும் தாண்டி நிற்கும். சில்லறை கொடுக்கும்போது யாருக்கும் அவர் கை தெரியாது. சட்டைதான் கொடுக்கும்.

தையற்காரர் கடை வாசலில் நின்றுகொண்டிருந்தார். மூட்டையைப் பிரிக்கவில்லை, கக்கத்தில் வைத்திருந்தார். சைக்கிளைப் பார்த்ததும் இரண்டு படி இறங்கி வந்தார்.

"பாப்பா, மீதி கொண்டுவந்தியா?"

"எதோட மீதி, ஐயா?"

அவர் சட்டைப் பையிலிருந்து சீட்டை எடுத்தார். ஆங்கிலத்தை எழுத்துக் கூட்டித்தான் படிப்பார். "நாம சண்டை போட்டாலும்... அப்படின்னு நிக்குது. ரெண்டு மணியில இருந்து பார்த்துட்டு இருக்கேன். மேல என்ன சொல்றான்?" என்று கேட்டுவிட்டு, பொத்தான் கடைச் சுவரைப் பார்த்தார்.

தம்பி துணியும் அதே சலவைக் கடைக்குத்தான் போகிறது. அங்கே சொல்லித் தம்பிதான் அனுப்பியிருக்கிறார் என்று நினைத்துவிட்டார்.

மாமா புள்ளியின் காதுக்கருகில் குனிந்தார். "ஆமான்னு சொல்லிடு. பாவம், நல்லதுதானே நடக்கும்."

புள்ளி யோசித்தாள். ஆமாம் என்று சொன்னால் இவர் நேராகத் தம்பியிடம் போவார். தம்பி, நான் எதையும் அனுப்பவில்லையே என்பார். அப்புறம் சுவருக்கு மேல் இன்னொரு சுவர் கட்ட வேண்டியதுதான்.

"இது உங்க தம்பி அனுப்பினது இல்லீங்க, ஐயா. எங்க டீச்சரோட சீட்டு. மாமா தெரியாம குத்திட்டார். இந்த வெள்ளைச் சீட்டுதான் அதோட மீதி."

'நாம் ஒரே பஸ்ஸில் வீட்டுக்குப் போனோம்' என்று இருந்த வெள்ளைச் சீட்டைக் காட்டினாள். அவர் அதைப் பார்த்தார். பழுப்புச் சீட்டை முழங்காலில் வைத்து நன்றாக நீவி, அவளிடம் கொடுத்தார்.

"நான் அப்பவே நெனச்சேன். அவன் கையெழுத்து இவ்வளவு நல்லா இருக்காது."

சொல்லிவிட்டு உள்ளே போனார். கத்தரிக்கோலை எடுத்தார். மேசையில் வெட்டுவதற்குத் துணி ஒன்றும் இல்லை. திரும்ப வைத்தார்.

புள்ளி சீட்டுகளை எண்ணினாள். பத்து பழுப்பு, பத்து வெள்ளை. இருபதும் வந்துவிட்டது. வெயில் இன்னும் இருந்தது. மாமா ஏறி உட்கார்ந்து, ஏறு ஏறு என்றார்.

புள்ளி ஏறவில்லை. நாம சண்டை போட்டாலும் என்று அவர் நிறுத்திய இடத்திலேயே அவள் மனசு நின்றது. மீதி எங்கே என்று கேட்டது. டீச்சர் சொன்னாரே, அதே கேள்வி. பதினொரு தடவை சொல்லியும் வராதது தையற்கடை வாசலில் தானாக வந்து நின்றது.

திரும்பிப் போனாள்.

"ஐயா, பஸ்ல போனது வேற யாரோ. உங்களோட மீதி உங்ககிட்டதானே இருக்கும்."

தையற்காரர் நிமிர்ந்து பார்த்தார். "எனக்கு இங்கிலீஷ் எழுத வராது."

"வர்றதுல சொல்லுங்க. நான் எழுதறேன்."

மேசையடியில் கிடந்த அளவு வெட்டும் தாளில் ஒரு துண்டு கிழித்து, 'நாம் சண்டை போட்டாலும்' என்று எழுதி, பென்சிலோடு காத்திருந்தாள். முற்றுப்புள்ளி வைக்கவில்லை.

அவர் முதலில் சொன்ன மீதி, தப்பு உன்னுடையதுதான் என்பது. இதைக் கொண்டுபோய்க் கொடுத்தால் இன்னும் மூன்று வருஷம் ஆகும் என்று புள்ளி சொன்னாள். அடுத்து, நாடா சுருங்கியது உண்மைதான் என்றார். அதையும் எழுத மறுத்தாள். கால் மணி நேரம் போயிற்று. மாமா வெளியே சைக்கிள் மணியை மூன்று தடவை அடித்தார்.

கடைசியில் தையற்காரர் சுவரைப் பார்த்தபடி மெதுவாகச் சொன்னார்.

"நாம சண்டை போட்டாலும், உன் சட்டைக் கையைப் பார்க்க எனக்குப் பொறுக்கலை."

புள்ளி அதை அப்படியே எழுதினாள். இப்போது முற்றுப்புள்ளி வைத்தாள். பக்கத்துக் கடைக்குக் கொண்டுபோனாள். யார் சொல்லி, யார் எழுதியது என்பதையும் சொல்லித் தாளை நீட்டினாள்.

தம்பி தாளை வாங்கினார். படித்தார். தாள் சட்டைக் கைக்குள் போய்விட்டது. உள்ளே விரலை விட்டு எடுத்து, மறுபடி படித்தார். பொத்தான் டப்பாக்களை ஒவ்வொன்றாக மூடினார். அவசரமே இல்லை.

"அவன் இப்ப வேலையா இருக்கானா?"

"இல்லீங்க. ரெண்டு மணியில இருந்து சும்மாதான் நிக்கிறார்."

தம்பி படி இறங்கி, அண்ணன் கடைப் படி ஏறினார். இரண்டு கையையும் முன்னால் நீட்டிக்கொண்டு நின்றார். அண்ணன் கழுத்திலிருந்த நாடாவை எடுத்தார்.

"கையை நேரா வை," என்றார் அண்ணன். மூன்று வருஷத்தில் முதல் பேச்சு அதுதான்.

"நாடா புதுசா?"

"புதுசு."

"அதானே பார்த்தேன்."

அதற்கு மேல் அவர்கள் என்ன பேசினார்கள் என்று தெரியாது. மாமா புள்ளியைத் தூக்கி சைக்கிளில் வைத்து ஓட்டிவிட்டார்.

திங்கட்கிழமை காலை டீச்சர் பெட்டியைத் திறந்து எண்ணினார். இருபது. மறுபடி எண்ணினார். இருபதுதான். ஆனால் ஏழு பழுப்புச் சீட்டின் தலையிலும் ஒரு ஊசித் துளை இருந்தது. ஒன்றில் நான்கு மடிப்பும் மேசைக் கால் தடமும் இருந்தன. டீச்சர் ஒரு சீட்டை வெளிச்சத்தில் தூக்கி, துளை வழியாகப் புள்ளியைப் பார்த்தார்.

புள்ளி எதையும் மறைக்கவில்லை. மூட்டை, மருந்துக் கடை, கடிகாரம், பல் டாக்டர், மேசைக் கால், சட்டைக் கை எல்லாவற்றையும் சொன்னாள். மூச்சு வாங்குவதற்கு மட்டும் இரண்டு இடத்தில் நிறுத்தினாள். டீச்சர் சிரிக்கவில்லை. சிரிக்காமல் இருப்பதற்காக ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அன்றைக்குப் பக்கத்து வகுப்பில் பரீட்சை எழுத்துப் பரீட்சையாக நடக்கவில்லை. டீச்சர் ஒரு டப்பா ஊசியை எடுத்துக்கொண்டு போய், இருபது பேர் சட்டையிலும் ஆளுக்கொரு சீட்டைக் குத்தினார். அவரவர் மீதியை அவரவர் கண்டுபிடித்து, ஜோடியாக வந்து நிற்க வேண்டும். 'நீங்கள் கதவைத் திறந்தால்' கிடைத்த பையன் பள்ளிக்கூடத்தில் இருந்த கதவுகளை எல்லாம் திறந்து பார்த்தான். தலைமை ஆசிரியர் அறையிலிருந்து ஒரு பழைய குடை, இரண்டு பந்து, காணாமல் போன உலகப் படம் எல்லாம் வெளியே வந்தன. குளிர்ந்த காற்று கடைசியில் தண்ணீர்க் குழாயடியில் கிடைத்தது. அந்தச் சீட்டைக் குத்தியிருந்த பெண் அங்கே தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள்.

பத்து ஜோடியும் சேர்ந்துவிட்டது. யாருக்கும் மதிப்பெண் குறையவில்லை.

டீச்சர் பெட்டியை மூடிக்கொண்டு வராந்தாவில் வந்தபோது, வரிசையில் நின்ற அந்த மூன்று பேரும் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு காத்திருந்தார்கள். டீச்சர் முதலில் நின்றவன் கையில் பெட்டியை வைத்தார். பிறகு புள்ளியைப் பார்த்து, உனக்கு மறுபடியும் வேண்டுமா என்று கேட்டார்.

"இவங்க மூணு பேரும் முடிக்கட்டும், டீச்சர்," என்றாள் புள்ளி. "அதுக்குள்ள எங்க மாமாவுக்குச் சீட்டு அச்சாகி வந்துடும்."